வக்கீலிடம் கொடுத்த முன்பணம் திரும்ப வேண்டுமா? முதலில் கணக்கைக் கேளுங்கள்

பாகப்பிரிவினை வழக்குப் போட வக்கீலிடம் 50,000 ரூபாய் கொடுத்திருந்தேன். நோட்டீஸ் போனதுமே அண்ணன் சமாதானத்துக்கு வந்துவிட்டார். வழக்குத் தாக்கலாகவே இல்லை. மீதியைக் கேட்டதற்கு, "பீஸ் வாங்கினா வாங்கினதுதாம்மா" என்றார் குமாஸ்தா. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவள் நான். அந்தப் பதிலை ஏற்க முடியவில்லை.

பணத்தைக் கேட்கும் முன் கணக்கைக் கேளுங்கள். கட்சிக்காரர் பணத்துக்கு வக்கீல் கணக்கு வைக்க வேண்டும், வாங்கியது பீஸுக்கா செலவுக்கா என்று குறிக்க வேண்டும், கேட்டால் கணக்கின் நகல் தர வேண்டும் என்கின்றன, வக்கீல்களின் நடத்தையை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகள். வக்கீலே பாதியில் விலகினால், செய்யாத வேலைக்கான பீஸைத் திருப்பித் தர வேண்டும் என்றும் விதி உண்டு. என்னைப் போல நாமே நிறுத்தினால், என்ன பேசியிருந்தோம், எவ்வளவு வேலை முடிந்தது என்பதை வைத்துத்தான் கேட்க முடியும்.

அதனால் முழுத் தொகையையும் கேட்காதீர்கள். பத்திரங்களைப் படித்து நோட்டீஸ் எழுதியவருக்கு அதற்குரிய கூலி சேரத்தான் வேண்டும்.

கடிதம் ஒரு பக்கம் போதும்: எந்தத் தேதியில், எவ்வளவு, எப்படிக் கொடுத்தீர்கள், எந்த வேலைக்கு, அதில் எது நடக்கவில்லை. 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முதல் கடிதத்திலேயே "புகார் கொடுப்பேன்" என்று மிரட்டினால் பேச வழியே அடைந்துபோகும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், "சார், அன்று கையில் கொடுத்த 20,000-க்கும் ரசீது வேண்டும்" என்று முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் கேளுங்கள். "சரிம்மா" என்று பதில் வந்தால் அதுவும் சாட்சிதான்.

மூலப்பத்திரங்களையும் வழக்குக் கட்டையும் (வழக்குக் காகிதங்கள் அடங்கிய கோப்பு) தனிக் கடிதத்தில் கேளுங்கள். பீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமையில்லை என்று 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு நடந்துகொண்டிருந்து, பழைய வக்கீல் வக்காலத்து மாற்றச் சம்மதிக்காவிட்டால், நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி வாங்கலாம்.

நுகர்வோர் நீதிமன்றத்துக்கு அலையாதீர்கள். வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14-ல் தீர்ப்பாகிவிட்டது. நான் நம்பிச் சொல்லும் இடம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. வழக்குப் போடும் முன்பே அங்கு மனுக் கொடுக்கலாம். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. அது நடத்தும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) இருவரும் உடன்பட்டால், அந்த உத்தரவு சிவில் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை.

கணக்கே தரவில்லை, பத்திரத்தைத் தரவில்லை என்றால் வழக்கறிஞர்கள் சட்டம் 35-ம் பிரிவின்கீழ், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாநில பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். கண்டிக்கவோ, தொழில் செய்யத் தடை விதிக்கவோ, பெயரையே நீக்கவோ அதற்கு அதிகாரமுண்டு. பணத்தை வசூலிக்க அதை நம்பியிருக்காதீர்கள். அதற்குச் சிவில் வழக்குத்தான். காலவரம்பு 3 ஆண்டு. பணம் கொடுத்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு.

எனக்குக் கணக்குக் கடிதத்தோடே முடிந்தது: நோட்டீஸுக்கும் வரைவுக்கும் 18,000 கழித்து, 32,000 வங்கியில் போட்டார். பணம் திருப்பித் தரும்போது "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்பார்கள். பணம் கணக்கில் ஏறியதையும், கொடுத்த பத்திரங்கள் ஒவ்வொன்றும் கைக்கு வந்ததையும் சரிபார்த்த பிறகே போடுங்கள்.