கிராம சபையில் கை தூக்கியது யார் முடிவு? டேட்டாபேஸில் தேடிப் பார்க்கலாம்

ஆகஸ்ட் 15 அன்று கடலூர் பக்கம் எங்கள் ஊர் கிராம சபைக்குப் போயிருந்தேன். தீர்மானத்தை வாசித்துவிட்டு, "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார்கள். முன்னால் நாலு கை எழுந்தது. பின்னால் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் எல்லாக் கையும் எழுந்தது, என் கையும்தான். தீர்மானம் எனக்குச் சரியாகக் காதில்கூட விழவில்லை.

இப்படிக் கூட்டத்தைப் பார்த்துக் கை தூக்குவதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை தேட விரும்புகிற முதலாண்டு மாணவர்களுக்கு இந்தக் குறிப்பு.

முதலில், எங்கே தேடுவது? உங்கள் கல்லூரி நூலகத்தில் லாகின் கேளுங்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழக மாணவர் என்றால் காலாப்பட்டு வளாகத்திலேயே ஆனந்த ரங்கப் பிள்ளை நூலகம் இருக்கிறது. லாகின் இல்லாதவர்கள் ஜேஸ்டோர் என்ற ஆய்வுக் கட்டுரைத் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கலாம். இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா என்ற தளம் போதும், காசு கிடையாது.

அடுத்து, எந்தச் சொல்லைப் போடுவது? பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். நான் முதலில் 'பியர் பிரஷர்' என்று ஆங்கிலத்தில் அடித்தேன். வந்ததெல்லாம் பள்ளிப் பிள்ளைகளின் சிகரெட் பழக்கம். நாம் பேசும் சொல் வேறு, ஆய்வாளர்கள் தலைப்பில் வைக்கும் சொல் வேறு. அவர்கள் 'கன்ஃபார்மிட்டி' (கூட்டத்தோடு ஒத்துப்போவது), 'சோஷியல் பிரஷர்' என்பார்கள். வாக்களிப்புக்கு 'ஷோ ஆஃப் ஹேண்ட்ஸ்', 'ஓப்பன் பாலட்', 'சீக்ரெட் பாலட்' எல்லாம் போட்டுப் பாருங்கள். இரண்டு, மூன்று சொல் சேர்ந்த தொடரை இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். ஒரே பொருள் தரும் சொற்களுக்கு நடுவில் 'ஆர்' (OR), இரண்டு வேறு விஷயங்களைக் கோக்க 'ஆண்ட்' (AND). 'ஆர்' போட்ட கூட்டத்தை அடைப்புக்குறிக்குள் வைக்க மறக்காதீர்கள்.

'பியர் ரிவ்யூட்' என்ற பெட்டி இருந்தால் டிக் செய்யுங்கள். சக ஆய்வாளர்கள் படித்துச் சரிபார்த்தவை என்று பொருள். அந்தப் 'பியர்' சக ஆய்வாளர். நம்மைக் கை தூக்க வைத்த பக்கத்து வீட்டுக்காரர் இல்லை!

ஒரு கட்டுரை கிடைத்ததும் அதைப் பிடித்துக்கொண்டே போகலாம். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951-இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். எந்தக் கோடு சம நீளம் என்று கேட்டார்கள். கூட இருந்தவர்கள் முன்கூட்டியே பேசிவைத்தபடி, சில சுற்றுகளில் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னார்கள். அந்தச் சுற்றுகளில் மூன்றில் ஒரு பங்கு பதில்கள் கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகின. பதிலைத் தனியே எழுதித் தரச் சொன்னதும் இது வெகுவாகக் குறைந்தது. கிராம சபைக்கு இதைவிட நெருக்கமான ஆதாரம் வேண்டுமா? கூகுள் ஸ்காலரில் அதன் கீழே உள்ள 'சைட்டட் பை' இணைப்பைத் தட்டுங்கள், அதை மேற்கோள் காட்டிப் பின்னால் வந்த கட்டுரைகள் வரிசையாக நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. கெர்பர், கிரீன், லாரிமர் 2008-இல் எழுதிய கட்டுரை அடிக்கடி கண்ணில் படும். வாக்களித்தீர்களா இல்லையா என்பதை அக்கம்பக்கத்தாருக்குத் தெரிவிப்போம் என்று அமெரிக்காவின் மிச்சிகனில் கடிதம் அனுப்பியதும் வாக்குப்பதிவு சுமார் 8 சதவீதப் புள்ளி கூடியது. ஆனால் அது வாக்களிக்க வந்தார்களா என்பதைப் பற்றியது, யாருக்குப் போட்டார்கள் என்பதைப் பற்றியது அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டால் வழிகாட்டி விடமாட்டார்.

கிராம சபையையோ நம் ஊர்ப் பெயரையோ சேர்க்கும்போது எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள். 'கிராம் சபா', 'கிராமா சபா' இரண்டும் ஆங்கிலத்தில் புழங்குகின்றன. 2006-இல்தான் பாண்டிச்சேரி அதிகாரப்பூர்வமாகப் புதுச்சேரி ஆனது. பழைய கட்டுரைகள் பழைய பெயரில்தான் அகப்படும். இரண்டையும் போட்டு, நடுவில் ஒரு 'ஆர்'.