ரிப்பேர் பண்ண ஆம்ப்ளிஃபையரை நேரா பிளக்ல சொருகாதீங்க
டிரான்சிஸ்டர் மாத்தின கையோட 230 வோல்ட்ல போட்டா உள்ள வேற கோளாறு மிச்சம் இருந்தா புதுசும் சேர்ந்து போயிடும், அதனால முதல்ல சீரிஸ் லேம்ப் (கரண்ட் வர்ற வயர்ல நடுவுல தொடரா மாட்டுற பல்பு) வழியா குடுங்க, 60 இல்லேன்னா 100 வாட் பழைய குண்டு பல்பு தான் வேணும், எல்இடி ஆகாது. ஆன் பண்ணதும் பளிச்சுனு எரிஞ்சு மங்கினா கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகுது, ஓகே. மங்காமலே நின்னா உள்ள எங்கயோ ஷார்ட், உடனே ஆஃப். (பல்பு இருக்கு, ஷாக் அடிக்காதுனு கைய வச்சிடாதீங்க!)

அப்புறம் ஸ்பீக்கர் மாட்டாம, ஆடியோ இன்புட்டை கிரவுண்டோட ஷார்ட் பண்ணிட்டு, அவுட்புட்ல மீட்டரை டிசி வோல்ட்ல வைங்க. பிளஸ் மைனஸ் சப்ளை (கிரவுண்டுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணுனு ரெண்டு வோல்ட்) போர்டுனா 50 மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தா நிம்மதி, 30 வோல்ட் காட்டுச்சுனா ஸ்பீக்கர் காயில் கருகிடும், நான் ஒரு ஊஃபரை அப்படித்தான் எரிச்சேன். சிங்கிள் சப்ளைனா கப்ளிங் கெப்பாசிட்டருக்கு (ஸ்பீக்கருக்கு டிசி போகாம தடுக்கிறது) முன்னாடி சப்ளைல பாதி வரணும், 24க்கு சுமார் 12.