பிறவியிலேயே மூட்டுகள் விறைத்திருக்கும் குழந்தையைப் பராமரிப்பது எப்படி?

கருப்பையில் குழந்தை போதிய அளவு அசையாதபோது, மூட்டுகளைச் சுற்றியுள்ள திசுக்கள் தடித்துச் சுருங்கிவிடுவதால், உடலின் பல இடங்களில் மூட்டுகள் மடங்கியோ நீண்டோ விறைத்த நிலையில் அது பிறக்கிறது. ஆர்த்ரோகிரைப்போசிஸ் எனப்படும் இந்நிலை ஏறத்தாழ 3,000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படுகிறது. இதற்குப் பின்னால் நூற்றுக்கணக்கான காரணங்கள் இருக்கக்கூடும் என்பதால், நரம்பு, தசை, மரபணுப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது. பெரிதும் காணப்படும், தசைகள் சரிவர வளராத அமையோபிளேசியா வகை பரம்பரையாக வருவதன்று. அறிவுத்திறனும் பொதுவாக இயல்பாகவே இருக்கும். கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று தாயைக் குறை சொல்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

இயன்முறை சிகிச்சையைப் பிறந்த சில நாட்களிலேயே தொடங்குவது நல்லது. ஆனால் இக்குழந்தைகளின் எலும்புகள் மெலிந்திருக்கும். பிரசவத்தின்போதே முறிவு ஏற்பட்டிருக்கவும் கூடும். ஆகவே முதலில் முறிவு ஏதும் இல்லை என்பதை மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். எண்ணெய் தேய்த்துக் கைகால்களை இழுத்து நீவும் வழக்கத்தை அடியோடு தவிர்த்துவிடுங்கள். வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டியபின், முழங்கைப் பயிற்சிக்கு ஒரு கையால் குழந்தையின் மேற்கையை முழங்கைக்குச் சற்று மேலேயும், மறு கையால் முன்கையை மூட்டை ஒட்டியும் பிடித்து, இலேசான தடை தெரியும் வரை மட்டும் மெதுவாக மடக்கி, சிறிது நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகு மெதுவாக விட்டுவிடுங்கள். குழந்தை வலியால் அழுதால் நிறுத்திவிட வேண்டும். துணி மாற்றும் வேளைகளில் சிறிது சிறிதாகச் செய்வது, ஒரே நேரத்தில் நெடுநேரம் செய்வதைவிடப் பயன் தரும்.

பயிற்சியில் கிடைத்த அசைவைத் தக்கவைக்க, மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் அணிவிப்பார்கள். கழற்றியபின் தோலில் சிவப்பு அரை மணி நேரத்தில் மறையவில்லையென்றால் ஸ்பிளிண்டைச் சரிசெய்யச் சொல்லுங்கள். வளைந்த பாதங்களுக்கு, அவற்றைப் படிப்படியாக நேராக்கும் பொன்செட்டி முறையில் வாரந்தோறும் மாவுக்கட்டு மாற்றப்படும். சாதாரண வளைபாதத்தைவிட இங்கே கட்டுகள் அதிகம் தேவைப்படும், பாதம் மீண்டும் வளைவதும் அதிகம். கட்டுக்கு வெளியே தெரியும் விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, குளிர்ந்தாலோ, வீங்கினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது, கை நேராகுமா என்பதைவிட, அந்தக் கையால் குழந்தை தானே சாப்பிட முடியுமா என்று கேட்பதே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. தாடை விறைத்திருந்தால் மயக்க மருந்தின்போது மூச்சுக்குழாய் பொருத்துவது கடினமாகலாம் என்பதால், அதை மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எலும்பு வளர வளர விறைப்பு திரும்பக்கூடுமாதலால், இரவு நேர ஸ்பிளிண்டையும் மறுபரிசோதனைகளையும் வளர்ச்சி முடியும் வரை தொடர வேண்டியிருக்கும்.