கீபோர்டுக்கு சப்வூஃபர் சேர்க்கும் முறை

இடது கையால் வாசிக்கும் தாழ்ந்த ஸ்வரங்கள் சரியாகக் கேட்கவில்லை என்றால் கீபோர்டைக் குறை சொல்ல வேண்டாம். என் வீட்டில் இருப்பது யமஹா பிஎஸ்ஆர்-ஈ373. அதில் 12 செ.மீ. ஸ்பீக்கர் இரண்டு, ஒவ்வொன்றும் இரண்டரை வாட். 61 கட்டை கீபோர்டில் கடைசி இடது கட்டை ஏறக்குறைய 65 ஹெர்ட்ஸ். ஸ்டைல் (தானாக ஓடும் பின்னணி இசை) போட்டால் கூடவே வரும் பேஸ் கிட்டார் 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அந்த ஒலி உள்ளே உருவாகத்தான் செய்கிறது. அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் அதை வெளியே தள்ள முடிவதில்லை. அதற்குத்தான் சப்வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டி.

முதலில் பின்பக்கம் பாருங்கள். ஹெட்ஃபோன் ஜாக் மட்டும் இருந்தால், அதில் பின்னைச் செருகியதும் உள் ஸ்பீக்கர்கள் நின்றுவிடும். அதனால் தனி சப்வூஃபர் போதாது. இரண்டு சின்ன ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் சேர்ந்த 2.1 செட் வாங்குங்கள். தனியாக லைன் அவுட் (வெளி ஸ்பீக்கருக்கான ஜாக்) உள்ள கீபோர்டு என்றால் பெரும்பாலும் உள் ஸ்பீக்கர்களும் பாடிக்கொண்டே இருக்கும். அதற்கு ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பகுதி) உள்ளேயே இருக்கும் சப்வூஃபர் ஒன்று போதும்.

ஒரு முனையில் கால் அங்குல ஸ்டீரியோ பின், மறுமுனையில் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ பின்கள் உள்ள கேபிள் வேண்டும். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். இடது, வலது இரண்டையும் ஒன்றாக முறுக்கி ஒரே வயராக்க வேண்டாம். இரண்டையும் சேர்க்கும் வேலையை சப்வூஃபரே செய்துகொள்ளும். செட்டில் புளூடூத் இருந்தாலும் வாசிக்கும்போது அந்தப் பக்கம் போகாதீர்கள். கட்டையை அழுத்திய பிறகு ஒலி தாமதமாக வரும், தாளம் கலைந்துவிடும். கீபோர்டைத் திறந்து உள் ஸ்பீக்கர் வயரிலிருந்து இணைப்பு எடுப்பதும் கூடாது, ஆம்ப் எரிந்துபோகலாம்.

வால்யூமைக் குறைத்து வைத்துக்கொண்டு கீபோர்டை முதலில் ஆன் செய்யுங்கள், ஸ்பீக்கர் செட்டைக் கடைசியில். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில்.

அப்புறம் காதுக்குத்தான் வேலை. கீபோர்டு வால்யூமை முக்கால் பங்கில் வைத்து, மாஸ்டர் ஈக்யூவை (மொத்த ஒலியின் தன்மையை மாற்றும் அமைப்பை) 'ஸ்பீக்கர்' என்பதிலிருந்து 'ஹெட்ஃபோன்' என்பதற்கு மாற்றுங்கள். முதல் அமைப்பு உள் ஸ்பீக்கருக்காகச் செய்தது, வெளி ஸ்பீக்கரில் சரியாக இருக்காது. கிராஸோவர் குமிழ் (எந்த அளவுக்குக் கீழ் உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்று வைப்பது) இருந்தால் 100 ஹெர்ட்ஸ் பக்கம் தொடங்குங்கள். பேஸைச் சுழியத்தில் வைத்து, இடது கையால் ஒவ்வொரு கட்டையாக இறங்கிக்கொண்டே மெல்ல ஏற்றுங்கள். பெட்டி இருக்கும் இடம் காதுக்குத் தெரிய ஆரம்பித்தால் அதிகமாகிவிட்டது என்று பொருள், கொஞ்சம் குறையுங்கள். இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுப்பதில்லை: பேஸ் தனியாகத் தெரியாமல், பியானோ பெரிதானது போலக் கேட்க வேண்டும்.

ஒரு கட்டை மட்டும் குமுறினால் அது அறையின் வேலை. பெட்டியை மூலையிலிருந்து இரண்டடி நகர்த்துங்கள், குமுறல் அடங்கும். 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் கீபோர்டு அடாப்டர், ஸ்பீக்கர் இரண்டையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். அதிர்வு தரை வழியாக இறங்குவது ஓரளவு குறையும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஹெட்ஃபோன்தான்.