பழைய வெள்ளி ரூபாய் கையில் இருக்கிறதா? விற்கும் முன் செய்யக் கூடாதவை

பழைய காசு ஒன்று பெட்டியடியில் கிடைத்ததும் பல வீடுகளில் முதலில் நடப்பது, புளியோ விபூதியோ போட்டுத் தேய்ப்பது. குத்துவிளக்குக்கு அது சரி. காசுக்கு அதைவிடக் கேடு வேறில்லை. வெள்ளியின் மேல் காலப்போக்கில் படிந்த கருமையைத்தான் சேகரிப்பவர்கள் விரும்பிப் பார்க்கிறார்கள். தேய்த்தால் மெல்லிய கீறல்கள் விழும். போன மேற்பரப்பு திரும்ப வராது. உலோக விலை அப்படியே இருக்கும், சேகரிப்பு விலை சரிந்துவிடும். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த காசுக்கும் இதே கதிதான்.

இந்த இரண்டு விலைகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். முதலில் உலோகத்தைப் பார்ப்போம். ராஜா தலை போட்ட ரூபாயெல்லாம் சுத்த வெள்ளி என்ற நம்பிக்கை தவறு. 1835 முதல் 1939 வரையிலான ஆண்டு பொறித்த ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம், அதாவது சுமார் 10.69 கிராம் வெள்ளி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளியைக் குறைத்தார்கள். 1940 முதல் 1945 வரையிலான காசில் பாதிதான் வெள்ளி, சுமார் 5.83 கிராம். 1946, 1947 காசுகள் முழுக்க நிக்கல், காந்தத்தில் ஒட்டும். ஆறாம் ஜார்ஜின் தலை இந்த மூன்று வகையிலுமே உண்டு. ஆகவே ஆண்டுவாரியாகப் பிரிக்காமல் மொத்தமாக அள்ளிக்கொண்டு நகைக்கடைக்குப் போகாதீர்கள். நல்ல வெள்ளியையும் பாதி வெள்ளியின் விலைக்குக் கொடுத்துவிட்டு வர நேரும்.

சேகரிப்பு விலையின் கணக்கே வேறு. பழசு என்பதாலேயே விலை ஏறிவிடாது. ராஜராஜ சோழனின் செப்புக்காசுக்கு ஆயிரம் வயது. ஆனால் ஏராளமாகக் கிடைப்பதால் தேய்ந்த காசு மலிவாகவே விற்கிறது. விக்டோரியா ராணியின் 1862 ரூபாயும் அப்படித்தான்: ஆண்டை மாற்றாமலே பல வருடம் அச்சடித்தார்கள். மாறாக, 1939 ரூபாய் மிக அரிது. 1911 ரூபாய்க்கு ஒரு கதையே உண்டு. ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருந்த யானை பன்றியைப் போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்ப, அந்தக் காசைத் திரும்பப் பெற்றுப் பெரும்பகுதியை உருக்கினார்கள். ‘பன்றி ரூபாய்’ என்று இன்றும் தேடுகிறார்கள். எடைக்குப் போடும் முன் ஆண்டைப் பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அரிய ஆண்டு என்றால் போலியும் கூடவே வரும். சின்னத் தராசு ஒன்று இருந்தால் போதும். தராசின் மேல் தண்ணீர்க் குவளையை வைத்து, எடையைச் சுழியாக்கி, காசை நூலில் கட்டி அடி தொடாமல் முழுக்க முக்குங்கள். தராசு காட்டுவது காசின் எடையை அல்ல, காசு விலக்கும் தண்ணீரின் எடையை. 91.7 சதவீத வெள்ளி ரூபாய் என்றால் அது சுமார் 1.13 கிராம் இருக்கும். கணிசமாகக் கூடினால் சந்தேகப்படுங்கள்.

ராமர் பட்டாபிஷேகம் பொறித்து 1818 என்று ஆண்டு போட்ட ‘கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு’ வந்தால் யோசிக்காமல் ஒதுக்கிவிடுங்கள். கம்பெனி அப்படி ஒரு காசு வெளியிட்டதே இல்லை. அரிசியைத் தன் பக்கம் இழுக்கும் சக்தி உண்டு என்று சொல்லி விற்கும் செப்புக்காசும் பச்சை மோசடி. அதில் வீட்டையே இழந்தவர்கள் உண்டு. வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த 5, 10 ரூபாய்க் காசுகளுக்கு லட்சம் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்களும் அதே ரகம். பழைய நோட்டு, காசு வாங்கி விற்கும் வேலையில் தான் இல்லை என்றும், அதற்காகக் கட்டணம் எதுவும் கேட்பதில்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது.

மண்ணைத் தோண்டும்போது கிடைத்த காசு என்றால் ரகசியமாக விற்காதீர்கள். 1878 புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள் கணக்கில் வரும். அதை வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்குத் தபாலில் அனுப்புவதும் குற்றம்.