தினமும் பஞ்சர்: காரணம் பாதையில் இல்லை

பிரான்சில் நான்ட் நகரிலிருந்து பிரெஸ்ட் நோக்கி சுமார் 360 கி.மீ. நீளும் கால்வாய்க் கரையில் சைக்கிளில் போனேன். ஒரு காலத்தில் குதிரைகள் படகிழுத்த பாதை, கார்கள் வராது. மலேத்ருவா ஊரைத் தாண்டியதும் தொல்லை ஆரம்பித்தது. பின்சக்கரம் மட்டும் தினமும் மதியத்துக்குள் காற்றிறங்கிவிடும்.

முள் என்றுதான் நினைத்தேன். டயருக்குள் விரலால் தடவினேன், ஒன்றுமில்லை. பேட்ச் ஒட்டினேன், புது டியூப் போட்டேன். பொந்திவியில் ஒரு கடையில் டயரையே மாற்றினார்கள். மறுநாளும் காற்று போச்சு. மூன்று நாள் வீண்.

அன்று ஒரு மதகருகே உட்கார்ந்து, கழற்றிய இரண்டு டியூப்களையும் வால்வோடு வால்வு சேர்த்து வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஓட்டை வால்விலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரே இடத்தில். அதைவிட முக்கியம், அது தரையைப் பார்த்த பக்கத்தில் இல்லை, ரிம்மைப் பார்த்த உள்பக்கத்தில். முள் அங்கே குத்தவே முடியாது.

ரிம்மில் அதே இடத்தைப் பார்த்தால், கம்பித் துளைகளை மூடியிருக்கும் பிளாஸ்டிக் ரிம் டேப் நூலளவு விலகி, கம்பி மாட்டும் துளையின் விளிம்பு பிறை போலத் தெரிந்தது. காற்றழுத்தத்தில் டியூப் அதற்குள் பிதுங்கி அறுபட்டிருக்கிறது.

பழைய டேப்பை உரித்துவிட்டு, அகலமான துணி டேப்பை இழுத்துப் பிடித்து இரண்டு சுற்று ஒட்டினேன். வால்வுக்கு மட்டும் சின்னத் துளை. கெர்லேதான் ஏரி, கெனெகான் காட்டோரம், கரே ஊர் வரை ஒரு முறைகூடக் காற்று இறங்கவில்லை. அப்பாடா!