கடலூரிலிருந்து ஓரியன்டீரிங் உலகக் கோப்பையைப் பின்தொடர்வது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

வரைபடமும் திசைகாட்டியும் மட்டும் கையில் இருக்க, முன்பின் அறியாத காட்டிலோ நகரத்திலோ குறிக்கப்பட்ட இடங்களை (இவற்றைக் கன்ட்ரோல்கள் என்பார்கள்) வரிசை தவறாமல் தொட்டு, மிகக் குறைந்த நேரத்தில் ஓடி முடிப்பதே ஓரியன்டீரிங். 1897ஆம் ஆண்டு நார்வேயில் பொதுமக்களுக்கான முதல் போட்டி நடந்தது. 1961இல் பத்து ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து சர்வதேசக் கூட்டமைப்பைத் தொடங்கின. 1986 முதல் உலகக் கோப்பை அதிகாரபூர்வமாக நடக்கிறது. அந்த உலகக் கோப்பைப் பருவத்தை நான் தேவனாம்பட்டினத்தில் உள்ள எங்கள் வீட்டு மேசையிலிருந்து இரண்டு ஆண்டுகளாகப் பின்தொடர்கிறேன். முதல் ஆண்டில் பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. மரங்களுக்கு நடுவே ஓடி மறையும் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, போட்டி நடக்கும் இடமாகிய வரைபடத்தை நான் பார்க்கவில்லை. அதைப் பார்க்கக் கற்றுக்கொண்ட வழியைக் கீழே எழுதுகிறேன். செயலியை நிறுவுவது, கணக்குத் தொடங்குவது போன்றவை எவருக்கும் எளிது என்பதால் அவற்றை இங்கே விளக்கவில்லை.

முதல் படி: நாள்காட்டியும் நேரமும்

பருவம் பெரும்பாலும் கோடையின் தொடக்கத்தில் ஆரம்பித்து செப்டம்பர் அல்லது அக்டோபரில் முடியும். மூன்றோ நான்கோ சுற்றுகள் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் சில நாட்களுக்குள் பல ஓட்டங்கள் நடக்கும். ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பே ஒரு சுற்றாகக் கணக்கில் சேர்வதும் உண்டு. உலகச் சாம்பியன்ஷிப்பை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது தனிப் பட்டம். ஒற்றைப்படை ஆண்டுகளில் காட்டு ஓட்டங்களும் இரட்டைப்படை ஆண்டுகளில் நகர்ப்புற ஓட்டங்களுமாக மாறி மாறி நடக்கிறது. 2024இல் எடின்பரோ நகரத்திலும் 2025இல் பின்லாந்தின் குவோப்பியோ காடுகளிலும் நடந்தது இந்த முறைப்படிதான்.

அறிவிப்புகளில் காணும் நேரம் போட்டி நடக்கும் நாட்டின் நேரம். கோடைக் காலத்தில் சுவிட்சர்லாந்து, சுவீடன், நார்வே, இத்தாலி ஆகிய நாடுகளின் நேரத்துடன் மூன்றரை மணி நேரத்தையும், பின்லாந்து நேரத்துடன் இரண்டரை மணி நேரத்தையும், பிரிட்டன் நேரத்துடன் நான்கரை மணி நேரத்தையும் கூட்டினால் நம் நேரம் கிடைக்கும். அங்கே பிற்பகல் ஒன்றரை மணி என்றால் சுவிட்சர்லாந்துப் போட்டி இங்கே மாலை ஐந்து மணிக்குத் தொடங்கும். 2019இல் நடந்ததுபோல் சுற்று சீனாவுக்குப் போனால் கணக்குத் திரும்பிவிடும். அங்கே காலை ஒன்பது மணி என்பது நமக்குக் காலை ஆறரை.

இரண்டாம் படி: முடிவுப் பலகையைப் படித்தல்

என் முதல் பருவம் முழுவதும் நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

தனிநபர் ஓட்டங்களில் அனைவரும் ஒன்றாகப் புறப்படுவதில்லை. ஒருவர் பின்னால் ஒருவர் ஓடி வழியைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக இடைவெளி விட்டு அனுப்புகிறார்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடங்களில் முடியும் ஸ்பிரின்ட்டில் ஒரு நிமிட இடைவெளி. முப்பது, முப்பத்தைந்து நிமிடங்கள் எடுக்கும் நடுத்தூர ஓட்டத்தில் இரண்டு நிமிடம். ஆண்களுக்கு ஒன்றரை மணி நேரத்தைத் தொடும் நெடுந்தூர ஓட்டத்தில் மூன்று நிமிடம் என்பது வழக்கம். அதிலும் வலிமை மிக்கவர்களைக் கடைசியில் புறப்படச் செய்கிறார்கள்.

இதன் விளைவைக் கணக்காகப் பாருங்கள். நடுத்தூர ஓட்டத்தில் அறுபது பேர் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள் ஐந்து மணிக்குப் புறப்பட்டு 36 நிமிடத்தில் முடித்தால், 5:36க்குப் பலகையில் அவர் பெயர்தான் முதலிடத்தில் நிற்கும். கடைசி ஆள் புறப்படுவதே 6:58க்கு. அவர் முடிக்கும்போது மணி ஏழரையைத் தாண்டியிருக்கும். நான் முதன்முதலாகப் பார்த்த ஓட்டத்தில் ஆறு மணிக்குப் பலகையின் உச்சியில் இருந்த பெயரை வெற்றியாளர் என்று குறித்துவைத்துவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் அந்தப் பெயரைத் தேடியபோது அது இருபதாவது இடத்துக்கும் கீழே இருந்தது.

எனவே மொத்த இடத்தைப் பார்க்காதீர்கள், இடைநேரத்தைப் பாருங்கள். பாதையின் நடுவே இரண்டு மூன்று இடங்களில் பதிவாகும் நேரம் உடனுக்குடன் பலகைக்கு வந்துவிடும். ஓடிக்கொண்டிருப்பவர் அந்த இடத்தை அடைய எடுத்த நேரத்தை, அதே இடத்தில் மற்றவர்கள் எடுத்த நேரத்துடன் மட்டும் ஒப்பிடுங்கள். அப்போது ஐந்து மணிக்கு ஓடியவரும் ஏழு மணிக்கு ஓடுபவரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதுபோல் உங்களுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலிடத்தில் இருந்த பெயர் சில நேரம் திடீரென்று காணாமல் போகும். ஒரு கன்ட்ரோலைத் தவறவிட்டாலோ வரிசை மாற்றித் தொட்டாலோ அவருடைய ஓட்டம் செல்லாது என்பதே காரணம். தொடரோட்டத்திலும், சுற்றுக்குச் சுற்று ஆட்களைக் கழிக்கும் நாக்-அவுட் ஸ்பிரின்ட்டில் தகுதிச் சுற்றுக்குப் பிந்தைய ஓட்டங்களிலும் எல்லோரும் ஒன்றாகப் புறப்படுவதால் முன்னால் ஓடுபவரே முன்னணியில் இருப்பவர் என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் தொடரோட்டத்தில் அணிகளுக்கு இடையே சில கன்ட்ரோல்களை மாற்றித் தருகிறார்கள். இப்படிப் பிரியும் வழிகளே கிளைகள். அந்த நேரத்துக்குக் குட்டையான கிளை கிடைத்த அணி முன்னால் தெரியும். எல்லா அணிகளும் எல்லாக் கிளைகளையும் ஓடி முடித்த பிறகே உண்மை நிலை சமன்படும்.

புள்ளிகளைப் பொறுத்தவரை, முதலிடத்துக்கு 100, அடுத்தடுத்த இடங்களுக்கு 80, 60 என்று இறங்கி நாற்பதாம் இடத்துக்கு 1 என்பது வழக்கமான முறை. முதல் மூன்று இடங்களுக்கு இடையே இவ்வளவு இடைவெளி இருப்பதால் ஒரே ஒரு வெற்றி பருவத்தின் வரிசையைப் புரட்டிப் போட்டுவிடும்.

மூன்றாம் படி: வரைபடத்தின் நிறங்கள்

பச்சை என்றால் காடு என்றே நம் பள்ளி வரைபடங்கள் சொல்லிக்கொடுத்தன. இங்கே வெள்ளைதான் காடு. அதுவும் தடையின்றி ஓடக்கூடிய காடு. நம் கடற்கரையோரத்துச் சவுக்குத் தோப்பை நினைத்துக்கொள்ளுங்கள்: தலைக்கு மேல் மரம், காலுக்குக் கீழே வெறும் மணல். அது வெள்ளை. கிளைகள் தாழ்ந்து, குனிந்து குனிந்து போகவேண்டிய பழைய முந்திரித் தோப்பு வெளிர் பச்சை. சீமைக்கருவேலம் மண்டிய இடம் கரும்பச்சை. அதற்குள் நுழைகிறவர் ஓட மாட்டார், போராடுவார். மஞ்சள் திறந்தவெளி. நீலம் நீர். கறுப்பு பாறையும் மனிதர் கட்டியவையும். பழுப்பு சமவுயரக் கோடுகள். இவற்றின் மேல் ஊதாவில் அச்சிட்ட முக்கோணம் தொடக்கம், வட்டங்கள் கன்ட்ரோல்கள், இரட்டை வட்டம் முடிவு.

கடற்கரை மாவட்டத்துக்காரர்களாகிய நமக்குச் சமவுயரக் கோடுகள்தான் கடினம். கடலூரில் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ளக் கேப்பர் மலையை விட்டால் வேறில்லை. காட்டு வரைபடங்களில் பெரும்பாலும் ஐந்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு. ஒரு மீட்டர் ஏற்றத்தை எட்டு முதல் பத்து மீட்டர் சமதள ஓட்டத்துக்கு ஈடாகக் கணக்கிடுவது ஓட்டக்காரர்களின் பழக்கம். ஆறு கோடுகளைக் கடந்து நேராக ஏறும் வழி, சுமார் 250 மீட்டர் கூடுதலாகச் சுற்றிப் போகும் தட்டையான பாதைக்குச் சமம் என்பது அப்போது விளங்கும். கேப்பர் மலைச் சாலையில் ஒருமுறை நடந்து ஏறி, மூச்சு வாங்கும் இடங்களைக் கோடுகளுடன் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அந்தப் பழுப்புக் கோடுகள் என் கண்ணுக்கு மேடாகத் தெரிந்தன.

நான்காம் படி: மற்றவர் வழியைப் பார்க்கும் முன் உங்கள் வழியை வரைதல்

போட்டி தொடங்கும் வரை வரைபடம் வெளியாகாது. ஓடுபவர்களுக்கே அது புறப்படும் நொடியில்தான் கைக்கு வருகிறது. அந்தப் பகுதிக்குள் முன்கூட்டிப் போய்ப் பயிற்சி செய்யவும் தடை உண்டு. போட்டி முடிந்ததும் பல ஓட்டங்களின் வரைபடமும் ஜி.பி.எஸ். தடங்களும் லைவ்லாக்ஸ் தளத்தில் சேர்க்கப்படுகின்றன. நேரலைக் காட்சிக்குக் கட்டணம் கேட்கிறார்கள். முதல் பருவத்திலேயே அதை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இலவசமான முடிவுப் பலகையும் இந்தத் தடங்களும் போதும்.

தடங்களை இயக்காமல் வெறும் வரைபடத்தை மட்டும் திறந்து, அச்செடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட இடைவெளி உள்ள இரண்டு கன்ட்ரோல்களைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் போகும் வழியைப் பென்சிலால் வரையுங்கள். திரையில் விரலால் வரையும் வசதி இருந்தாலும் எனக்குக் காகிதமே உகந்தது. அழித்து வரையும்போதுதான் இரண்டாவது வழி கண்ணில் படுகிறது. வரைந்து முடித்த பிறகு இருவருடைய தடங்களை மட்டும் இயக்குங்கள். சுவீடனின் தூவே அலெக்சாண்டர்சன், சுவிட்சர்லாந்தின் மத்தியாஸ் கிபுர்ஸ் போன்ற பலமுறை ஒட்டுமொத்த உலகக் கோப்பையை வென்றவர்களின் பழைய ஓட்டங்களில் தொடங்குவது நல்லது. அவர்கள் எங்கே வேகமாக ஓடினார்கள் என்பதை விட எங்கே வேகத்தைக் குறைத்தார்கள் என்று கவனியுங்கள். வட்டத்துக்குள் நுழையும் கடைசி நூறு மீட்டரில் தடத்தின் நகர்வு நிதானப்படும்.

ஐந்தாம் படி: புதுச்சேரியில் ஒரு சிறு ஸ்பிரின்ட்

பார்ப்பது மட்டும் போதாது. ஒருமுறையாவது நடந்து பார்க்க வேண்டும். கடலூரிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் ஏறினால் வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். ஸ்பிரின்ட் ஓட்டத்துக்குரிய நகரம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருக்கிறது புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதி: குறுக்கும் நெடுக்குமாகத் தெருக்கள், ஏற முடியாத உயரத்தில் மதில்கள், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பெரிய வாய்க்கால்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவிலிருந்து வரைபடம் எடுக்க ஓப்பன்ஓரியன்டீரிங்மேப் என்ற இலவசத் தளம் போதும். திருத்தி வரைய விரும்பினால் ஓப்பன்ஓரியன்டீரிங் மேப்பர் என்ற மென்பொருள் உள்ளது, அதுவும் இலவசம். தொழில்முறை வரைபடக்காரர்கள் பயன்படுத்தும் ஓகேட் மென்பொருளுக்குப் பணம் கட்ட வேண்டும். தொடக்கத்தில் அது தேவையில்லை. அளவு 1:4,000 என்று வையுங்கள்.

பொது இடத்தில் கொடி கட்ட வேண்டாம். ஏற்கெனவே நிற்கும் பொருள்களையே கன்ட்ரோல்களாகக் கொள்ளுங்கள். நான் துய்ப்ளே சிலையில் தொடங்கி, ஜோன் ஆஃப் ஆர்க் சிலை, பாரதி பூங்காவின் ஆயி மண்டபம், பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னம், பழைய கலங்கரை விளக்கம் என்று போய்க் காந்தி சிலையில் முடித்தேன். ஜோன் ஆஃப் ஆர்க் சிலையிலிருந்து ஆயி மண்டபம் வரையிலான பகுதிதான் இதன் உயிர். கடற்கரைச் சாலை வழியாக வடக்கே போய் உள்ளே திரும்பலாம். அல்லது உள்தெருக்களிலேயே போகலாம். நேர்க்கோட்டுத் தூரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பூங்காவைச் சுற்றி வேலி இருக்கிறது. எந்த வாயிலில் நுழையப் போகிறோம் என்பதை முதல் கன்ட்ரோலை விட்டுப் புறப்படும் முன்பே முடிவு செய்யவில்லை என்றால், மண்டபம் கண்ணெதிரே தெரிய வேலியைச் சுற்றி நடக்க நேரிடும். எனக்கு அதுதான் நடந்தது. மண்டபத்தின் வெள்ளைத் தூண்கள் கம்பிகளுக்கு அப்பால் நிற்க, நான் காகிதப்பூ உதிர்ந்து கிடந்த நடைபாதையில் வந்த வழியே திரும்பினேன். ஒரு கன்ட்ரோலை நோக்கிய வழியை அந்தக் கன்ட்ரோலிலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும் என்ற பாடத்தை நேர்முக வர்ணனைகளில் எத்தனையோ முறை கேட்டிருந்தும், அன்று அந்த வேலியருகேதான் புரிந்துகொண்டேன். பூங்காவை ஒட்டி ஆளுநர் மாளிகையும் சட்டப்பேரவையும் இருப்பதால் அங்கே ஓட வேண்டாம், நடந்தே போங்கள்.

திசைகாட்டி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இணையத்தில் ஒரு கடையில் நான் வாங்கிய முதல் திசைகாட்டியின் முள், கையை முற்றிலும் சமமாக வைத்தாலும் அடித்தட்டில் உரசி நின்றது. பழுதென்று நினைத்தேன், பழுதில்லை. வடக்கு நாடுகளில் காந்தப்புலம் முள்ளின் வடமுனையைக் கீழே இழுக்கும் என்பதால் அதற்கேற்பத் தென்முனையில் எடை சேர்த்துச் செய்கிறார்கள். காந்த நடுக்கோடு நம் நாட்டின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. கேரளத்தின் தும்பாவில் 1963இல் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும் அதுவே காரணம். இங்கே அந்த இழுப்பு மிகக் குறைவு. ஆகவே சேர்த்த எடை முள்ளைத் தெற்கே சாய்த்துவிடுகிறது. எல்லா வட்டாரங்களுக்கும் பொருந்தும் முள் உள்ளதையோ நடுக்கோட்டு வட்டாரத்துக்கென்று குறிக்கப்பட்டதையோ கேட்டு வாங்குங்கள். கட்டைவிரலில் மாட்டும் வகையையே நான் பரிந்துரைப்பேன். வரைபடமும் திசைகாட்டியும் ஒரே கையில் அடங்கும். நிறுத்தி வைத்த இருசக்கர வாகனங்களின் அருகே அதை நம்ப வேண்டாம்.

பின்சேர்க்கை: வாசகர்கள் சந்தித்த சிக்கல்கள்

நெல்லிக்குப்பத்திலிருந்து எழுதிய வாசகர் ஒருவர், வரைபடத்தில் அளந்த தூரமும் நடந்த தூரமும் ஒத்துப்போகவில்லை என்றார். அச்சிடும்போது தாளுக்குள் பொருத்தும் தேர்வு இயல்பாகவே இயங்கிப் படத்தைச் சுருக்கியிருந்தது. 100 சதவீதம் என்று மாற்றி அச்சிடுங்கள். பிறகு அளவுகோலை வைத்துப் பாருங்கள். 1:4,000இல் நூறு மீட்டர் இரண்டரை சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 1:10,000இல் ஒரு சென்டிமீட்டர்.

முத்தியால்பேட்டை வாசகர் ஒருவர், நான் பகிர்ந்த புதுச்சேரி வரைபடத்தில் சந்து என்றிருந்த ஓரிடத்தில் பூட்டிய இரும்புக் கதவு இருப்பதாகத் தெரிவித்தார். நான் போய்ப் பார்த்தேன். அது ஒரு வீட்டின் முற்றத்துக்குப் போகும் வழி. மேப்பரில் அந்த இடத்தை, நுழையக் கூடாத தனியார் இடத்தைக் குறிக்கும் ஆலிவ் பச்சையாக்கி, கதவின் குறுக்கே கடக்க முடியாத மதிலுக்குரிய தடித்த கறுப்புக் கோட்டை இழுத்துவிட்டேன். பழைய படத்தை அச்செடுத்தவர்கள் புதியதை எடுத்துக்கொள்ளுங்கள்.